அளவு ஏழு

புந்தா அரேனாஸில் காற்றுக்கு ஓய்வுநாள் கிடையாது.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
கப்பல் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில்
நான் பிடித்துக்கொள்ள ஒரு சாவிக்கொத்து.
பண்டகசாலைக்காரன், ஒவீதியோ மன்சீயா.
ஆணி முதல் ஆக்ஸிஜன் உருளை வரை
என் கையெழுத்தில்லாமல் வாசல் தாண்டாது.

நோல்ஃபா ஒயார்சோ சேர்ந்தது ஒரு ஜூலையில்,
கடும்பனி மாதம்.
வெல்டிங்கில் முதல் பெண்.
மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.
"காற்றடித்தால் இதை எங்கே போய்த் தேடுவது?"
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

கையுறை கேட்டாள். கொடுத்தேன். அளவு பத்து.
அவள் விரல் முடிந்த பிறகும்
இரண்டு அங்குலம் வெறுந்தோல்
கன்றுக்குட்டியின் காதாகத் தொங்கியது.
"ஏழு இருக்கா?"
கைவிரித்தேன்.

கைவிரிப்பது சுலபம்.
என் கை பத்து.

உள்ளே கம்பளி உறை, மணிக்கட்டில் கறுப்பு நாடா,
அப்படியே இரண்டு வருஷம்.
அவள் பற்றவைத்த தகடுகளை எக்ஸ்ரே எடுத்தார்கள்.
எக்ஸ்ரேக்கு ஆண்பிள்ளை பெண்பிள்ளை தெரியாது.
ஒரு குமிழிகூட இல்லை.
"தைத்துப் பழகிய கை, அதான்" என்றார் மேஸ்திரி,
பெரிய மனசோடு.
"எனக்குத் தைக்கத் தெரியாது," என்றாள் அவள்.
"என் பொத்தான்களை அண்ணன்தான் தைப்பான்."

மீன்பிடிக் கப்பலொன்றின் அடிவயிற்றில்
மல்லாந்து படுத்து வேலை செய்த அன்று
அந்த இரண்டு அங்குல இடைவெளியில்
ஒரு பொறி நுழைந்தது.
நுழைந்ததை உதற முடியவில்லை, நாடா கட்டியிருந்தது.
கட்டைவிரல் அடியில் இன்னும் இருக்கிறது,
ஒரு பீன்ஸ் விதையளவு.

பாதுகாப்புக் கூட்டத்தில் அவள் பிரசங்கம் செய்யவில்லை.
அண்ணன் மகனின் பனிக்கையுறையை,
சிவப்பு, ஒரு பக்கம் பென்குயின்,
மேசைமேல் வைத்தாள்.
"மேஸ்திரி, இதைப் போட்டுக்கொண்டு
ஒரு திருகாணி முறுக்குங்கள்.
பிறகு, பழகிக்கொள் என்று எனக்குச் சொல்லுங்கள்."
அந்தப் பென்குயினை யாரும் தொடவில்லை.
யாரும் சிரிக்கவுமில்லை.
மேலாளர் என் பக்கம் திரும்பினார்:
"ஏன் வாங்கவில்லை?"

அன்றிரவு கொள்முதல் படிவத்தை எடுத்தேன்.
பதினோரு வருஷமாக நான் நிரப்பும் தாள்.
ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.
வரிசையாகக் கட்டங்கள்,
எல்லாவற்றுக்கும் ஒரே விலை.
நான் முதல் மாதம் பத்தில் ஒரு குறி போட்டேன்.
அடுத்த மாதம் மேற்படி.
அதற்கடுத்து மேற்படி.
மேற்படி, மேற்படி, மேற்படி.
இவள் கைக்கு எதிராக என்னிடம்
வன்மம் எதுவும் இருந்ததில்லை.
ஒரு சொல் இருந்தது. அது போதுமாயிருந்தது.

பெட்டி வந்தது. இருபத்துநான்கு ஜோடி.
நோல்ஃபா இரண்டு எடுத்தாள்,
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள்,
நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால்
நான் எங்கே பார்ப்பது?

மறுநாள் சங்கு ஊதி எல்லோரும் போன பிறகு
எலெயுதேரியோ வந்தான்.
தகடு வெட்டுகிறவன், மார்புவரை தாடி,
பத்தொன்பது வருஷ சர்வீஸ்.
கூரையைப் பார்த்தபடி கேட்டான்:
"அந்தச் சின்னது... ஒன்று மிஞ்சுமா?"
அவனுடைய பழைய கையுறையின் விரல்நுனிகளில்
பஞ்சு அடைத்திருந்தது.

இவ்வளவுதான் நடந்தது. பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.
மேஸ்திரி இப்போது அவள் இல்லாதபோது பேசுகிறார்.
உடைமாற்ற அவளுக்கு இன்னும் அறை கிடையாது.
என் பண்டகசாலையில், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே
அவள் மாற்றிக்கொள்ளும் ஏழு நிமிஷம்
கதவில் முதுகைக் கொடுத்து வெளியே நிற்கிறேன்.
ஜலசந்திக்கு அப்பால் தீநிலம் மங்கலாகத் தெரிகிறது.
இங்கே கயிறு கட்டவில்லை.
காற்று என் கையிலிருக்கும் புதுப் படிவத்தைப் பறிக்கப் பார்க்கிறது.
அறைக்கென்று அதில் கட்டம் ஏதுமில்லை.
ஓரத்தில், பேனாவால்,
நானே ஒன்று வரைந்திருக்கிறேன்.